நாலில் ஒன்று

குஞ்சு பொரிக்கிற நாளில் அந்த வீட்டில் அடுப்பு தாமதமாகத்தான் பற்றும். பின்னறையில் இன்குபேட்டர் முனகிக்கொண்டிருக்க, தெருவே குஞ்சுக்காரர் என்று கூப்பிடுகிற அவள் புருஷன் விடிந்ததும் அதன் கண்ணாடிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். டீ கொடுத்தால் வாங்கிக்கொள்வான், குடிக்க மறந்துவிடுவான். ஆறிப்போனதைத் திரும்ப எடுத்துவந்து சுடவைத்துத் தானே குடிப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அவளுடைய ராஜ்ஜியம் முன்னறை. ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின், எதிரே துணி வெட்டுகிற நீள மேசை, சுவரில் ஆணியடித்து மாட்டிய அட்டை அளவுகள். தெருவின் எதிர்ப்பக்கம் முழுக்க மரக்கிடங்கின் தகரச் சுவர். மழை பெய்தால் அந்தத் தகரம் போடுகிற இரைச்சலில் மிஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்பது காதுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். குழந்தைத் துணி தைப்பதில் அவளைத் தேடிக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. ஆனால் கைக்குழந்தை அளவில் மட்டும் தைத்துத் தரமாட்டாள். "அவ்வளவு பொடிசு என் மிஷின்ல வராதும்மா, துணியை இழுத்துக்கும்" என்பாள். பழியை மிஷின்மேல் போட்டுவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

கேட்காததற்குக் காரணமும் உண்டு. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டது தெருவுக்கே தெரியும்.

குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்தபோது கொழுகொழுவென்றுதான் இருந்தாள். நாள் போகப் போக உடம்பில் பலம் ஏறவில்லை. கையைத் தூக்கிவிட்டால் துணி விழுவதுபோல விழும். அழுகைகூடச் சத்தமாக வராது. கண்கள் மட்டும் அப்படி ஒரு கண்கள். அறைக்குள் யார் எந்தப் பக்கம் நடந்தாலும் கூடவே வரும். விரல் நுனிகளில் கொஞ்சம் அசைவு இருந்தது. பொம்மையைக் கொடுத்தால் பிடிக்க முடியாது. கிலுகிலுப்பை கனக்கும்.

அப்போதுதான் அவன் எங்கோ சந்தையிலிருந்து அந்தப் பெட்டைக்கோழியைக் கொண்டுவந்தான். வெள்ளைக் கோழி. அதன்மேல் இருந்தது இறகா ரோமமா என்று சட்டெனச் சொல்ல முடியாது. பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி இருக்கும். கோழி இறகை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி அவன் சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறது. சாதாரண இறகில் நடுத்தண்டிலிருந்து பிரிகிற இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இறகைத் தட்டையாக நிறுத்துகின்றன. இந்தக் கோழிக்கு அந்தக் கொக்கி இல்லை. அதனால் இழைகள் தனித்தனியாக, பஞ்சு மாதிரி தொங்குகின்றன.

"அப்போ ஹூக் வைக்காத சட்டைன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

"ஆமா. மழையில நனைஞ்சா ஊறிப்போகும். பறக்கவும் வராது. ஆனா தொட்டுப் பாரு."

பஞ்சு என்றே அதற்குப் பெயராகிவிட்டது. குட்டியின் பக்கத்தில் விட்டால் அடைகாக்கிற மாதிரி அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். குட்டியின் கையை எடுத்து அதன் முதுகில் வைத்தால், விரல்கள் தாமாகவே அந்த ரோமத்துக்குள் இறங்கிவிடும். மற்ற இறகு வழுக்கிவிடும், இது வழுக்காது. பலம் வேண்டாம். உள்ளே புதைந்த விரல்கள் மெல்ல மெல்ல அசையும். அவர்கள் மகள் தானாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

குட்டி போன பிறகு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நிதானமாகத்தான் சொன்னார். "யார் மேலயும் தப்பு இல்லை. உங்க ரெண்டு பேர் உடம்புலயும் ஒரே குறை மறைஞ்சிருக்கு. ஒரு பங்கு மட்டும் இருந்தா ஒண்ணும் பண்ணாது, ஆயுசு முழுக்க தெரியவே தெரியாது. அப்பா பங்கும் அம்மா பங்கும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் நோய். அடுத்த பிள்ளைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு. இப்பல்லாம் வயித்துல இருக்கும்போதே பார்த்துச் சொல்லலாம். யோசிச்சு வாங்க."

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. அவனுக்கு முதல் வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.  அன்றைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனவன்தான். "சூடு ஏறி இறங்குது, பக்கத்துல ஆள் இருக்கணும்" என்றான். அவனும் பழியை மிஷின்மேல்தான் போட்டான்.

அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் போய்விட்டது.

பஞ்சுவும் ஒரு குளிரில் சுருண்டு செத்தது. அதற்கு முன்னால், தட்டை இறகுச் சேவல் ஒன்றோடு சேர்ந்து சில முட்டைகள் இட்டிருந்தது. பொரித்ததெல்லாம் தட்டை இறகுதான், ஒன்றில்கூடப் பஞ்சு இல்லை. ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் தேறின. பழுப்பு நிறத்தில், தெருவில் குப்பை கிளறுகிற எந்தக் கோழியைப் போலவும் இருந்தன. அவற்றை அவன் தனிக்கூண்டில் வைத்து, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான்.

முட்டைக்கடைக்காரர் ஒருவர் வருவார். எது கேட்டாலும் அரை டஜனாகவே கேட்பதால் அரைடஜன் என்றே பெயர். அவர் அந்தக் கூண்டைப் பார்த்து ஒருநாள் கேட்டார். "என்ன குஞ்சுக்காரரே, இதுங்களுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?"

"இதுங்களுக்குள்ள பஞ்சு இருக்கு."

"எங்க இருக்கு? நானும் பார்க்கிறேன், நாட்டுக்கோழி மாதிரிதான் இருக்கு."

"வெளிய தெரியாது. பஞ்சு இறகு வரணும்னா அம்மாகிட்டயிருந்து ஒரு பங்கு, அப்பாகிட்டயிருந்து ஒரு பங்கு, ரெண்டும் வரணும். இதுங்களுக்கு அம்மா பங்கு மட்டும் வந்திருக்கு. இப்ப இதுங்களையே ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா, நாலுல ஒண்ணு பஞ்சா வரும்."

"சந்தையில பஞ்சுக்கோழி ஜோடியாவே கிடைக்குதேய்யா. அரை டஜன் நானே வாங்கித் தரேன்."

"அது பஞ்சுக்கோழி. எனக்கு வேண்டியது பஞ்சோட ரத்தம்."

முன்னறையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவள் கையில் ஊசி நின்றது.

முதல் தடவை வைத்த முட்டைகள் கரண்ட் போய் வீணாயின. அடுத்த தடவை எட்டுக் குஞ்சு வந்தது. குஞ்சாக இருக்கும்போது எல்லாமே பஞ்சுதான், எது எப்படி என்று சொல்ல முடியாது. சிறகில் முதல் இறகு முளைத்தால்தான் சாயம் வெளுக்கும். அவன் தினமும் ஒவ்வொன்றாய்த் தூக்கிச் சிறகை விரித்துப் பார்த்தான். எட்டும் தட்டையாகவே முளைத்தன.

அரைடஜன் கணக்கில் கெட்டிக்காரர். "நாலுல ஒண்ணுன்னா எட்டுல ரெண்டு வரணுமே. எங்க என் ரெண்டு?"

"அப்படி இல்லை அண்ணே. ஒவ்வொரு முட்டைக்கும் தனியாச் சீட்டுக் குலுக்கணும். எட்டு முட்டை தட்டையா வந்துடுச்சேன்னு ஒன்பதாவது முட்டைக்கு யார் போய்ச் சொல்றது? அதுக்கு முன்னாடி வந்தது எதுவும் தெரியாது. அதுக்கும் நாலுல ஒண்ணுதான்."

இதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாவது தடவை முட்டை வைத்திருந்த சமயத்தில், மழை கொஞ்சம் விட்ட மதியம், அவனுடைய அக்கா வந்தாள். பெரிய குரல், பெரிய கைப்பை, பெரிய மனசு என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறவள். குரலும் கைப்பையும் எல்லோருக்கும் தெரியும். மூத்த மகனுக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது, அதைச் சொல்ல வந்திருந்தாள். சொல்லி முடித்துவிட்டு வெட்டுமேசை மேல் கையூன்றி மெதுவாக ஆரம்பித்தாள்.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. எத்தனை வருஷம் இப்படியே இருப்பீங்க?"

"பார்க்கலாம் அண்ணி."

"பார்க்கலாம் பார்க்கலாம்னா வயசு நிக்குமா? நான் ஒண்ணு கேக்கறேன். உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

"தெரியலை அண்ணி."

"தெரியலைன்னா இருந்திருக்கும். எங்க பக்கம் எல்லாரும் இரும்பு. எங்க அப்பா தள்ளாத வயசுலயும் மரம் ஏறினாரு."

"ஏறினாரு, இறங்கத்தான் முடியலை. ஏணி வச்சு நான்தான் இறக்கினேன்" என்று பின்னறை வாசலிலிருந்து குரல் வந்தது. அவன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. கக்கத்தில் அந்தப் பழுப்புச் சேவல் இருந்தது.

"அக்கா, இதைப் பாரு. எப்படி இருக்கு?"

"நல்ல சேவல். ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிடலாம்."

"இதோட அம்மா பஞ்சு. நம்ம குட்டி பக்கத்துல உட்கார்ந்திருக்குமே, அது. இதோட இறகைப் பார்த்தா அப்படித் தெரியுதா?"

"இல்லை."

"ஆனா உள்ள ஒரு பங்கு இருக்கு. நானும் இந்தச் சேவல் மாதிரிதான். இவளும் அப்படித்தான். ரெண்டு பேர் பங்கும் சேர்ந்துதான் குட்டிக்கு வந்துச்சு. இவ பக்கத்துல மட்டும் இருந்தா வந்திருக்கவே வந்திருக்காது. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்க."

அக்கா கொஞ்ச நேரம் சேவலைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "உனக்கு எங்கிருந்துடா வந்துச்சு?"

"அப்பாகிட்டயிருந்தோ அம்மாகிட்டயிருந்தோ. கடையிலயா வாங்கினேன்?"

"அப்ப எனக்கு?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி."

"என் பையனுக்கு?"

"உனக்கு இருந்தா, அவனுக்கும் பாதிக்குப் பாதி. இருந்தாலும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது. வரப்போற பொண்ணுக்கும் இதே இருந்தாத்தான். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கட்டும். ஒரு ஊசிதான்."

அக்கா மேசையிலிருந்து கையை எடுத்தாள். டீயைக் குடித்து முடித்தாள், பையை எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது தம்பி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, "மனசுல எதையும் வச்சுக்காதம்மா" என்று சின்னக் குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் உள்ளே திரும்பினாள். அவன் இன்னும் சேவலோடு நின்றான்.

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"கேட்கலையே."

"உங்களைக் கேட்கலை. என்னைக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. உங்க அக்கா, எங்க சித்தி, தைக்க வர்றவங்க எல்லாரும். நான்தான் உடைஞ்ச பானைன்னு நானே நம்புற அளவுக்குக் கேட்டாங்க."

அவன் சேவலைக் கீழே விட்டான். அது மேசைக்கடியில் போய்த் துணித்துண்டைக் கொத்தியது. 

மூன்றாவது தடவைக் குஞ்சுகள் வந்து, இறகு முளைக்கிற பருவம். மழை பிடித்துக்கொண்டால் விடாத நாட்கள். அவள் பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குள் வந்தான். அப்படி அவன் முன்னறைக்கு வந்தே நாளாகியிருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. அதையும் பார்த்து நாளாகியிருந்தது.

"வந்துடுச்சு" என்றான்.

மேசையில் துணிகளுக்கு நடுவே ஒரு குஞ்சை இறக்கினான். மற்றவற்றுக்குச் சிறகு தட்டையாக, விசிறி மடிப்புப்போல முளைத்திருக்க, இதற்குச் சிறகு நைந்த நூல்முனைபோலப் பிரிந்து நின்றது. வெளிறிய மஞ்சள். குளிருக்கு நடுங்கிற்று.

"தொட்டுப் பாரேன்."

அவள் தொடவில்லை. கையில் இருந்த கத்தரியை மேசையில் வைத்தாள்.

"இதுக்காக எத்தனை நாள் தவம் கிடந்தீங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"நாலுல ஒண்ணு வரணும்னு."

"ஆமா."

"கரண்ட் போச்சு, எட்டும் தட்டையா வந்துச்சு, அப்பவும் விடலை. அடுத்த முட்டைக்கு முன்னாடி வந்தது தெரியாதுன்னு சொன்னீங்க. அது எனக்கும் கேட்டுச்சு. நாலுல ஒண்ணை நம்பி ஒரு வருஷம் இருந்தீங்க. எனக்கு நாலுல மூணு இருக்குங்க. மூணு. அதை ஒரு நாள் நம்பினீங்களா?"

அவன் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. "கோழியும் பிள்ளையும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு அக்காகிட்ட நீங்கதானே சொன்னீங்க. சேவலைக் கையில வச்சுக்கிட்டு."

"சரியா வந்தா மூணு. தப்பா வந்தா?" அவன் குஞ்சை நோக்கிக் குனிந்தான். "உனக்குத் தெரியாது."

"எனக்கு என்ன தெரியாது? நான்தானே பெத்தேன்."

"கடைசில என் மடியில இருந்தா." குஞ்சின்மேல் கை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பேசினான். "நீ உள்ள கஞ்சி ஆத்திக்கிட்டு இருந்த. மூச்சு நின்னது எனக்குத் தெரிஞ்சுது. உன்னைக் கூப்பிட வாய் திறந்தேன். கரண்டிச் சத்தம் கேட்டுச்சு. நீ ஏதோ பாட்டு முனகிக்கிட்டு ஆத்திக்கிட்டு இருந்த. கூப்பிடலை. உனக்குப் பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு விட்டேன். நீ கஞ்சியை எடுத்துக்கிட்டு வர்ற வரைக்கும் அப்படியே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

தகரச் சுவரில் மழை கொட்டியது. அவள் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தக் கஞ்சி அவளுக்கு நினைவிருந்தது. சூடு போய்விட்டதா என்று உதட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்ததும் நினைவிருந்தது.

"இன்னொரு தடவை என்னால அப்படி உட்கார முடியாது" என்றான்.

 குஞ்சு குளிரில் கத்துவதைப் பார்த்து அவள் ஒரு சீருடைத் துண்டை எடுத்து அதைச் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். "பல்புக்குக் கீழ கொண்டு போய் விடுங்க. செத்துடப் போகுது."

அவன் போனான். அடுத்த நாளிலிருந்து பின்னறைக்கு டீ போகவில்லை. கோபத்தில் அவள் நிறுத்தவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு அந்த வாசல்வரை போனால் கால் வரவில்லை, அவ்வளவுதான். அவனே வந்து அடுப்படியில் நின்று குடித்துவிட்டுப் போனான். நின்று குடித்ததால் டீ ஆறவில்லை. இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால், ஆளுக்கொரு டம்ளரோடு, பேசாமல் நிற்பது வழக்கமாயிற்று. பிறகு ஒன்றிரண்டு வார்த்தை. தீவனத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. நூல் தீர்ந்துவிட்டது. குட்டிக்கு இந்த மழைச் சத்தம் பிடிக்கும், இல்லையா. ஆமாம், கண்ணை விரிச்சுக்கிட்டுக் கேட்பா.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னான். "நாளைக்குத் தைக்க யாரையும் வரச்சொல்லாத. அந்த டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வரலாம்."

டாக்டரம்மாவுக்கு அவர்களை நினைவிருந்தது. தலை முன்னைவிட அதிகம் நரைத்திருந்தது. கர்ப்பம் தரித்த தொடக்கத்திலேயே வயிற்றில் ஊசியால் துளி எடுத்துப் பார்க்கலாம் என்றார். அதில் சின்ன ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை. "தெரிஞ்சுக்கத்தான் முடியும், மாத்த முடியாது. தெரிஞ்ச பிறகு என்ன பண்றதுங்கிறது உங்க ரெண்டு பேர் முடிவு. நான் அதுல வரமாட்டேன்."

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடை. ஈரமான பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பிரெட்டை டீயில் நனைத்துக்கொண்டு, ஆனால் வாயில் வைக்காமல், அவன் கேட்டான்.

"பார்த்து, இதுவும் குட்டி மாதிரியேன்னு சொல்லிட்டாங்கன்னா?"

இந்தக் கேள்விக்காக அவள் மூன்று வருஷமாகக் காத்திருந்தாள் என்றே சொல்ல வேண்டும். பதில் வைத்திருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"உன்னால முடியுமா?"

"முடியாது. ஆனா சொல்லிடுவேன். குட்டி பட்ட பாட்டை இன்னொண்ணு பட வேண்டாம். சொல்ற அன்னைக்கு நீங்க பின்னறைக்குப் போயிடக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

"அது குட்டியையே வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்காதா?"

"இருக்கும்" என்றாள். "அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

நனைந்த பிரெட் உடைந்து டீக்குள் விழுந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளுடைய டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தான். அன்றைக்குப் பாய் பின்னறையிலிருந்து திரும்பி வந்தது. இன்குபேட்டரின் சூடு அதுபாட்டுக்குச் சரியாகவே இருந்தது.

பஞ்சு இறகுக் குஞ்சு வளர்ந்து சேவலாயிற்று. ஒருநாள் அது முன்னறைக்குள் வந்தபோது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அவள் குனிந்து தொட்டாள். விரல்கள் இறங்கின. அதே மென்மைதான். அந்தக் கோழி இல்லை. அது அவள் எதிர்பார்த்ததுதான் என்றாலும், கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அவளுக்கு நாள் தள்ளிப்போனது மழை முழுசாக ஓய்ந்த பிறகு. வயிற்றிலிருந்து ஊசியால் துளி எடுத்த அன்று அவன் வெளியில் நின்றான், உள்ளே விடமாட்டேன் என்றார்கள். பதில் வருவதற்குக் காத்திருந்த நாட்களில் அவள் தைத்ததையெல்லாம் திரும்பப் பிரித்துத் தைத்தாள். கைக்கு அளவு பிடிபடவில்லை. வயிற்றைத் தொடக்கூடாது என்று ஒரு வைராக்கியம். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். தொடாமலே ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் இருந்தது, அதை அவனிடமும் சொல்லவில்லை. உள்ளே இருப்பது பெண்ணாக இருந்து, அதே கண்ணோடு வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த நோய் வேண்டாம், ஆனால் குட்டியே வர வேண்டும். நடக்காது என்று தெரிந்தே ஆசைப்பட்டாள்.

போன் வந்தபோது அரைடஜன் முட்டை வாங்கிக்கொண்டிருந்தார். அவள் எடுக்கவில்லை. அவன் எடுத்தான். "ம்" என்றான். "ம்" என்றான். "சரிங்கம்மா" என்றான். போனை வைத்துவிட்டு முட்டைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லித் தொலைங்க" என்றாள்.

"நோய் இல்லையாம். ஒரு பங்கு மட்டும் இருக்காம். நம்மளை மாதிரி."

"நம்மளை மாதிரியா?"

"நம்மளை மாதிரியேதான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு எங்கோ வழியில் அழுகையாகிவிட்டது. அரைடஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நல்ல சேதி என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு ஒரு முழு டஜன் வாங்கிக்கொண்டு போனார்.

பிறந்தது பையன். வந்தவுடனேயே ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதான். அவள் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுப்போனாள். குழந்தை இவ்வளவு சத்தமாக அழும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்கள் அவன் அப்பாவின் கண்கள், இடுங்கிய கண்கள். குட்டியின் ஜாடை எங்கேயாவது இருக்கிறதா என்று உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தேடினாள். காதுமடலில் இருப்பதுபோல இருந்தது. பிறகு இல்லாததுபோல இருந்தது.

பையனுக்கு மூன்று மாதம் இருக்கும். அவள் வெட்டுமேசைக்குக் கீழே விரிப்பைப் போட்டு அவனைக் கவிழ்த்துப் படுக்கவைத்துவிட்டு, ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனான், போனவன் நின்றான்.

"இங்க பாரு."

பையன் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தான். கழுத்து ஆடியது, முகம் சிவந்தது, வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. இரண்டு முழங்கையையும் விரிப்பில் ஊன்றி, ஏதோ பெரிய மலையைத் தோளில் தூக்குகிற மாதிரி தூக்கினான். கீழே போட்டான். முனகினான். மறுபடி தூக்கினான். இந்தத் தடவை தலை நின்றது. நிறுத்திக்கொண்டு, அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். மேசைக்கால், மிஷின், ஜன்னல், அப்பா, அம்மா.

இரண்டு பேரும் அசையவில்லை. குழந்தை தலையைத் தூக்கி அவர்கள் பார்த்ததில்லை. இதற்கு அடுத்து என்ன செய்யும், தூக்கிவிட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா, எதுவும் தெரியவில்லை.

"வலிக்குமா அதுக்கு?" என்று அவன் மெதுவாகக் கேட்டான், மூட்டையை இன்னும் இறக்காமல்.

"தெரியலை" என்றாள்.

யாரும் எடுத்து வைக்காமல், தானாகவே எட்டிப் பார்க்க வேண்டும் என்கிற அந்தப் பிடிவாதம் பையனின் நெற்றி முழுக்கத் தெரிந்தது. குட்டி கண்ணை மட்டும் திருப்பித் திருப்பித் தங்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த அத்தனை நாளும் என்ன செய்ய முயன்றுகொண்டிருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் மிஷினை விட்டு இறங்கி, விரிப்பில் பையனுக்கு எதிரே தானும் குப்புறப் படுத்து, அவன் பார்வைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.